பொத்தானை நகர்த்தாதீர்கள்

2025 ஆகஸ்ட் மாதப் பிற்பகுதியில் நம் ஊர்களில் பலருடைய செல்போனில் அழைப்புத் திரை ஒரே இரவில் மாறிப்போனது. யாரும் எதையும் பதிவிறக்கவில்லை, எந்த அமைப்பையும் தொடவில்லை. கூகுளின் போன் செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, அடிக்கடி அழைக்கும் எண்களையும் அண்மை அழைப்புகளையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டது. மேல்நோக்கி இழுத்து எடுத்துப் பழகிய அழைப்பைப் பக்கவாட்டில் இழுக்கச் சொன்னது. போனில் வைரஸ் புகுந்துவிட்டதோ, யாரோ வேவு பார்க்கிறார்களோ என்று பயந்தவர்கள் ஏராளம். பழையபடி மாற்றுவது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகள் சில நாட்களிலேயே தமிழிலும் குவிந்தன. இதே மாற்றத்தைச் சில வாரங்களுக்கு முன்பே சோதனைப் பதிப்பில் பார்த்துவிட்ட தொழில்நுட்ப ஆர்வலர்களில் பலர் அதை வரவேற்றிருந்தார்கள். பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது தவறுதலாக அழைப்பு எடுபடுவதைப் பக்கவாட்டு இழுப்பு குறைக்கும் என்றார்கள். அது நியாயமான காரணம்தான். பயந்தவர்களின் பயமும் நியாயமானதுதான். ஒரே திரை, ஒரே மாற்றம். ஒரு தரப்புக்கு அது வசதியாகவும் இன்னொரு தரப்புக்குத் தொல்லையாகவும் ஏன் ஆனது என்ற கேள்விக்கு நாம் பொதுவாகச் சொல்லும் பதில் தவறானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அந்தப் பொதுவான பதில், தெரிந்தவர் வரவேற்கிறார், தெரியாதவர் மிரள்கிறார் என்பது. ஆர்வலர்கள் மட்டும் இப்படி நினைப்பதில்லை. அரசுத் துறைகளில் செயலிகளைத் திட்டமிடுகிறவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு செயலியை மக்கள் தொடவில்லை என்றால் உடனே விழிப்புணர்வு முகாம் போடுவோம் என்று கிளம்புவது இந்த நினைப்பிலிருந்துதான் வருகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று காவிரி டெல்டாவின் நெல் விவசாயக் குடும்பங்களிடம் செல்போன் படும் பாட்டைப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. ஒரு மாற்றம் தடுமாற வைத்தால் அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் இரு தரப்பும் வேறுபடுகின்றன. ஆர்வலருக்குப் புதிய வசதியைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது ஆகும். அதை அவர் விரும்பியே கொடுக்கிறார். போனைக் குடைவதே அவருக்கு இன்பம். மற்றவருக்குப் போன் என்பது வேறொரு வேலைக்கு நடுவே கையில் எடுக்கும் பொருள். நடவாள் வந்து வரப்பில் நிற்கும் நேரத்தில், உரக்கடையில் பணம் கட்டும் நேரத்தில், வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்கும் நேரத்தில் அது எடுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் தேடிப் பார்க்க அவகாசம் இல்லை. பழகிய இடத்தில் பழகிய பொத்தான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நெல் கொள்முதலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. மழை பிடித்துக்கொண்டால் தளர்வு கேட்டு மத்திய அரசுக்கு எழுதுவதும், குழு வந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் அக்டோபர் 1-ல் தொடங்கிய கொள்முதல் பருவம் 2022 முதல் செப்டம்பர் 1-லேயே தொடங்குகிறது. குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று துரத்தும் வாரங்கள் இவை. இந்த நெருக்கடிக்குள்தான் இணையவழி முன்பதிவு வந்து சேர்ந்தது. ஆதார், வங்கிக் கணக்கு, புல எண், சிட்டா, அடங்கல் என்று விவரங்களைக் கொடுத்துப் பதிந்துகொண்டு, நெல்லைக் கொண்டுவர வேண்டிய நாளைக் கைபேசியில் பெற வேண்டும். அது வந்தபோது விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. அந்த எதிர்ப்பைப் பழமைவாதம் என்று ஒதுக்கியவர்கள், கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிக் கிடக்கும் நெல்லுக்கு ஒரு நாள் தாமதம் என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை. 2025 அக்டோபரில் டெல்டா முழுக்கத் தேங்கிக் கிடந்த குறுவை நெல் மழையில் நனைந்து முளைவிட்டதை எல்லோரும் பார்த்தோம். அதற்குச் செயலியைக் குற்றம் சொல்ல முடியாது. சாக்கு, லாரி, கிடங்கு என்று காரணங்கள் வேறு. ஆனால் அந்த வாரங்களில் ஒரு குறுஞ்செய்தியைத் தவறவிடுவதும் ஓர் ஓடிபியைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த ஈர நெல் காட்டியது.

டெல்டாக்காரர்கள் புதுமைக்குப் பயந்தவர்கள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு 1960களின் நடுப்பகுதியை நினைவூட்ட வேண்டும். நாட்டில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சாவூர் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 குறுவைக்கு வந்தபோது, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருந்தது. விதை நேர்த்தி, நாற்றின் வயது, உர அளவு எல்லாமே காதால் கேட்டுக் கற்கப்பட்டன. மக்கள் அந்த ரகத்துக்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. பழக்கத்தில் இருந்த விதையைக் கைவிட்டுப் புதிய விதையைத் தெளிப்பது போனில் ஒரு மெனுவைத் தேடுவதைவிடப் பல மடங்கு துணிச்சலான காரியம். தவறினால் ஒரு போகமே போய்விடும். அந்தத் துணிச்சல் வந்ததற்குக் காரணம் உண்டு. பலன் என்ன என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டது, பக்கத்து வயலில் கண்ணுக்குத் தெரிந்தது, எப்போது மாறுவது என்பதை விவசாயியே முடிவுசெய்தார். யாரும் இரவோடு இரவாக வந்து அவருடைய குதிரில் இருந்த விதையை மாற்றி வைத்துவிட்டுப் போகவில்லை.

காதால் கற்கும் அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. செல்போனில் எந்த வசதிகள் டெல்டாவில் வேர்பிடித்தன என்பதற்கு அதுவே விளக்கம். வாட்ஸ்ஆப்பில் 2013-ல் வந்த குரல் செய்திக்கு யாரும் பயிற்சி முகாம் நடத்தவில்லை. கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த பெண்கள்கூடச் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அதில் பேசி அனுப்புகிறார்கள். 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தது. தேட வேண்டியதைச் சொன்னால் போதும் என்றானது. மளிகைக் கடை மேஜையில் நிற்கும் பெட்டி, எவ்வளவு ரூபாய் வந்தது என்று தமிழில் அறிவிக்கிறது. கடைக்காரர் திரையையே பார்க்க வேண்டியதில்லை. இந்த மூன்றில் எதையும் ஆர்வலர்கள் பெரிய சாதனையாகக் கொண்டாடிப் பார்த்ததில்லை. அவர்களுடைய விவாதங்களில் கேமராவின் மெகாபிக்சல், திரையின் புதுப்பிப்பு வேகம், ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளைத் திறக்கும் வசதி போன்றவையே முன்னால் நிற்கும். எது முக்கியமான வசதி என்ற மதிப்பீட்டிலேயே இரு தரப்பும் பிரிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ்த் தட்டச்சின் கதை இந்தப் பிரிவை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமாக ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம், தேவையான இடத்தில் புள்ளி தானாகவே விழும். தமிழின் இயல்பை உணர்ந்த நேர்த்தியான அமைப்பு அது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்தபோது, தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப முடியும் என்பதே செய்தியாக இருந்தது. 2013-ல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகைகள் இடம்பெற்றன. கணினிக்கு முகுந்தராஜ் செய்துகொடுத்த மென்பொருளின் பெயர் எ-கலப்பை. இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறையில் பலர் அந்தக் கலப்பையைப் பிடித்தே உழுதார்கள். இத்தனையும் ஆர்வலர்கள் தந்த கொடை. அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையைக்கூட யாரும் போனில் படிக்க முடியாது. ஆனாலும் ஊரில் பெரும்பாலோர் தமிழ்99-ஐக் கற்கவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள், பிறகு பேசியே அனுப்பிவிட்டார்கள். இதில் ஆர்வலர்களுக்கு மனவருத்தம் இருப்பது எனக்குப் புரிகிறது. தமிழ்99 பள்ளிகளில் பரவலாகச் சொல்லித்தரப்பட்டிருக்க வேண்டும் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் இந்த வரலாற்றில் நாம் பாராட்ட வேண்டிய இன்னொன்று உண்டு. தமிழ் விசைப்பலகை வந்தபோது ஏற்கெனவே இருந்த எந்த விசைப்பலகையும் பிடுங்கப்படவில்லை. வேண்டியவர் சேர்த்துக்கொண்டார், வேண்டாதவர் பழையபடியே இருந்தார்.

பழகிய இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு டெல்டாவில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. இங்கே பல வீடுகளில் போனைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர், அதைத் தெரிந்து வைத்திருப்பவர் வேறொருவர். அந்த வேறொருவர் பெரும்பாலும் திருப்பூரிலோ சென்னையிலோ கடல் கடந்தோ வேலை பார்க்கிறார். “அப்பா, கீழே மூணு கோடு இருக்கும் பாருங்க, அதை அமுக்குங்க. இப்ப பச்சையா ஒண்ணு வரும்” என்று அழைப்பிலேயே வழிசொல்கிறார். அவர் மனதில் இருக்கும் திரையும் அப்பா கையில் இருக்கும் திரையும் ஒன்றாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு அருமையாக நடக்கிறது. மூன்று கோடு நான்கு புள்ளியாகி மேலே போய்விட்டால் இருவருமே திணறுகிறார்கள். இங்கே வழிசொல்பவர் ஒருவகையில் ஆர்வலர்தான். தெருவில் பத்து வீட்டுக்கு போன் பார்த்துக் கொடுக்கும் இளைஞரும், ரீசார்ஜ் கடைக்காரரும், இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவரும் அப்படித்தான். எனவே ஆர்வலர், சாதாரணப் பயனர் என்று நாம் பிரித்துப் பேசும் இருவரும் நிஜத்தில் ஒரே குடும்பம், ஒரே தெரு. தேவையில்லாமல் இடம் மாறும் ஒவ்வொரு பொத்தானும் முதலில் சாதாரணப் பயனரைத் தடுக்கிறது. அடுத்த நிமிடமே அந்தச் சுமை இந்த உள்ளூர் ஆர்வலர்களின் தலையில் ஏறுகிறது.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் முதலாவது, மக்கள் பழகிவிடுவார்கள் என்பது. உண்மைதான், பழகிவிடுவார்கள். அழைப்புத் திரை மாறியபோது புலம்பியவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் பழகியிருப்பார்கள். ஆனால் அந்தச் சில வாரங்களின் நட்டக் கணக்கை யாரும் போடுவதில்லை. எடுக்கத் தெரியாமல் போன அழைப்புகள், பயத்தில் கடைக்கு ஓடிக் கொடுத்த கூலி, தவறாக அமுக்கித் தொலைந்த எண்கள் எல்லாம் தனித்தனியே சின்னவை என்பதால் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. மாற்றுகிற நிறுவனத்துக்குச் செலவு ஒருமுறை; ஏற்றுக்கொள்ள வேண்டியவர்களுக்கோ கோடிக்கணக்கான கைகளில் சிதறிய செலவு. பழகி முடித்ததும் அடுத்த ஆண்டு அடுத்த மாற்றம் வருகிறது. இரண்டாவது மறுப்பு, முதியவர்களுக்கும் அதிகம் தெரியாதவர்களுக்கும் என்று ‘எளிய பயன்முறை’ ஏற்கெனவே சில போன்களில் இருக்கிறதே என்பது. பெரிய எழுத்து, பெரிய சின்னம், குறைந்த வசதி. கண் மங்கியவர்களுக்கு அது உதவும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டெல்டாவின் நெல் விவசாயி கேட்பது குறைந்த வசதியை அல்ல. அவர் யுபிஐ-யில் பணம் அனுப்புகிறார், காணொளி பார்த்துப் புகையானுக்கு மருந்து கேட்கிறார், அறுவடை இயந்திரத்துக்கு முன்பதிவு செய்கிறார். அவரைத் தனி வரிசையில் உட்கார வைத்தால், ஊரே பார்க்கும் விளக்கக் காணொளிகளிலிருந்தும் மகன் தொலைவிலிருந்து சொல்லும் வழியிலிருந்தும் அவர் துண்டிக்கப்படுவார். எல்லோருக்கும் உள்ள அதே திரை, ஆனால் நிலையாக நிற்கும் திரை, அதுதான் தேவை.

மூன்றாவது மறுப்பு கனமானது. மென்பொருள் மாறாமல் இருந்தால் பாதுகாப்பு போய்விடும், ஓட்டைகளை அடைக்கப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்கிறார்கள். இதில் மறுக்க ஒன்றுமில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். ஆனால் பாதுகாப்பும் தோற்றமும் ஒரே மூட்டையில்தான் வர வேண்டும் என்ற அவசியம் தொழில்நுட்பத்தில் இல்லை. ஆண்ட்ராய்டுக்கு மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2015 ஆகஸ்டிலிருந்து தனியே வருகின்றன. 2017-ல் போன் நிறுவனங்களின் பகுதியும் அடிப்படை இயங்குதளமும் பிரிக்கப்பட்டன. 2019 முதல் இயங்குதளத்தின் முக்கிய உறுப்புகளையே முழுப் புதுப்பிப்பு இல்லாமல் தனித்தனியாகத் திருத்த முடிகிறது. ஆக, கதவின் பூட்டை மாற்றுவதற்காகக் கதவையே வேறு சுவரில் வைக்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதே 2019-ல் ஆண்ட்ராய்டு 10 திரையோரத்தை விரலால் தள்ளும் முறையைக் கொண்டுவந்தபோது, கீழே இருந்த மூன்று பொத்தான்களையும் விருப்பத் தேர்வாக விட்டுவைத்தது. இன்றும் பல கைகள் அந்த மூன்று பொத்தான்களையே நம்பியிருக்கின்றன. அன்று செய்ய முடிந்தது அழைப்புத் திரைக்கும் முடியும். அழைப்பை எடுக்கும் விதத்தைத் தேர்ந்தெடுக்க அமைப்புகளில் கூகுள் இடமும் கொடுத்தது. ஆனால் மாறுவதற்கு முன்பு யாரும் கேட்கவில்லை, மாறிய பின்பு அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டியவர் ஆனார் பயனர்.

புதியதைச் சேர்ப்பதற்கும் பழகியதை நகர்த்துவதற்கும் உள்ள வேறுபாட்டை டெல்டா வயல்களே விளக்கும். கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த சி.ஆர். 1009 ரகத்தைப் பொன்மணி என்ற பெயரில் சம்பாவுக்கு இங்கே நெடுங்காலமாகப் போட்டுவருகிறார்கள். ஏறக்குறைய 155 நாள் பயிர். அதன் போக்கு ஒவ்வொரு விவசாயிக்கும் அத்துபடி. அதன் குறை வெள்ளம். கடைமடையில் நவம்பர் மழைத்தண்ணீர் ஒரு வாரம் தேங்கினால் இளம்பயிர் மூழ்கி அழுகிவிடும். மூழ்கிய பயிர் தண்ணீருக்கு மேலே தலைநீட்டப் பார்த்து, இருக்கும் சத்தையெல்லாம் செலவழித்து ஓய்ந்துபோவதுதான் அழுகலுக்குக் காரணம். ஒடிசாவின் பழைய நெல் வகை ஒன்றில் இதைத் தடுக்கும் மரபணு இருந்தது. அதை 2006-ல் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். சப் 1 என்ற அந்த மரபணு, மூழ்கிய பயிரின் வளர்ச்சியை அடக்கிச் சத்தைச் சேமிக்கிறது. இரண்டு வாரம் வரை தாக்குப்பிடித்துத் தண்ணீர் வடிந்ததும் பயிர் மீண்டும் தூர்கட்டுகிறது. வெள்ளத்தைத் தாங்கும் புத்தம்புது ரகம் ஒன்றை உருவாக்கி, இனி இதையே போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வேளாண் விஞ்ஞானிகள் அப்படிச் செய்யவில்லை. பொன்மணியைத் திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்து, மற்ற குணங்கள் எதுவும் மாறாமல் அந்த ஒரு மரபணு மட்டும் உள்ளே வரும்படி சி.ஆர். 1009 சப் 1-ஐக் கொண்டுவந்தார்கள். விதைக்கும் நாள், நாற்றின் வயது, அறுக்கும் காலம், அரிசியின் தன்மை எல்லாம் விவசாயி அறிந்தபடியே. வெள்ளம் வரும்போதுதான் புதிய குணம் வெளியே தெரியும். மென்பொருள் வடிவமைப்பாளர்கள் படிக்க வேண்டிய பாடம் ஆடுதுறையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் இப்படிக் கண்முன்னே கிடக்கிறது. செல்போனிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2023 அக்டோபரில் பேரிடர் எச்சரிக்கையைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் போன்கள் ஒரே நேரத்தில் ஒலியெழுப்பின. யாரும் செயலி நிறுவவில்லை, எந்தப் பொத்தானும் இடம் மாறவில்லை. புயல் கரையேறும் மாவட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வசதி அண்மையில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சாதாரணப் பயனரை அளவுகோலாக வைக்க வேண்டும் என்று நான் சொல்வதை ஆர்வலரின் சுதந்திரத்தைப் பறிக்கலாம் என்பதாக யாரும் படிக்கக் கூடாது. அந்த ஆபத்து உண்மையிலேயே வந்துகொண்டிருக்கிறது. பி.எம். கிசான் பெயரிலும், போக்குவரத்து அபராதச் சலான் பெயரிலும் வாட்ஸ்ஆப்பில் ஏபிகே கோப்புகள் வருகின்றன. தொட்டு நிறுவியதும் குறுஞ்செய்திகள் திருடப்பட்டு வங்கிக் கணக்கு காலியாகிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகைக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் கை போவது இயல்பு. இதைக் காரணம் காட்டி, அடையாளத்தைப் பதிவு செய்யாதவர்கள் உருவாக்கும் செயலிகளை ஆண்ட்ராய்டில் நிறுவ முடியாதபடி செய்யப்போவதாக 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் நான்கு நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு விரிவுபடுத்துவதாகத் திட்டம். உலகெங்கும் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். 2025 நவம்பரிலேயே, அபாயத்தை உணர்ந்தே நிறுவ விரும்பும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி வைப்பதாக நிறுவனம் இறங்கிவந்தது. அந்த எதிர்ப்பை நான் ஆதரிக்கிறேன். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் என்ன செய்தார் என்று நினைத்துப் பார்க்கலாம். 2006 முதல் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெற்று, சுமார் 170 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த விதைகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. டெல்டாவின் பெரும்பாலான ஏக்கர்களில் மாப்பிள்ளைச் சம்பா விளையவில்லை. அதற்காக அந்த விதையை வைத்திருக்க உரிமம் கேட்டால் எவ்வளவு பெரிய தவறாக இருக்கும்? சப் 1 மரபணுவும் அப்படி யாரோ பாதுகாத்த, பெரும்பான்மையோர் பயிரிடாத ஒரு நெல்லிலிருந்துதான் வந்தது. தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திராத சிலர் தம் சொந்த நேரத்தில் உழைத்ததிலிருந்துதான் வந்தன. வாட்ஸ்ஆப்பில் வந்த கோப்பை ஒரே தொடுதலில் நிறுவ முடியாதபடி தடுக்கலாம், ஒரு நாள் காத்திருக்கச் சொல்லலாம், தமிழில் உரக்க எச்சரிக்கலாம். கதவை முற்றாக அடைப்பது மட்டும் கூடாது.

நிறுவனங்களிடம் நாம் வேண்டுகோள்தான் வைக்க முடியும். நம் அரசின் செயலிகளிடம் உரிமையோடு கேட்கலாம். உழவன் செயலி 2018 ஏப்ரலில் ஒன்பது சேவைகளோடு தொடங்கியது. மானியப் பதிவு, உர இருப்பு, சந்தை விலை, வானிலை, இயந்திர வாடகை என்று வளர்ந்து இன்று இருபதுக்கும் மேற்பட்ட சேவைகள் அதில் இருக்கின்றன. தமிழிலேயே இயங்கும் பயனுள்ள செயலி. அதன் வளர்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சேவை கூடும்போதெல்லாம் முகப்பு நெரிசலாகிறது, தேடுவதற்கு நேரமாகிறது. அதோடு கொள்முதல் பதிவு, பயிர்க் காப்பீடு, விவசாயிகளுக்கான தனி அடையாள எண் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தளம், வேறு வேறு ஓடிபி. அந்த ஓடிபி வெளியூரில் இருக்கும் மகனின் எண்ணுக்குப் போவதும், அவர் வேலையில் இருப்பதும் இங்கே அன்றாட நிகழ்வு.

இதற்கு ஒரு நடைமுறை யோசனை உண்டு, செலவும் இல்லை. நெல் சார்ந்த எல்லா அரசுச் செயலிகளுக்கும் பயிர் நாட்காட்டி ஒன்றை விதியாக வைக்கலாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் வழக்கத்தை ஒட்டிக் குறுவை தொடங்குகிறது. செப்டம்பர் 1-ல் கொள்முதல் பருவம். அக்டோபர், நவம்பரில் மழையும் காப்பீட்டுப் பதிவும். பொங்கலிலிருந்து பங்குனி வரை சம்பா, தாளடி அறுவடை. இந்த மாதங்களில் பாதுகாப்புத் திருத்தம் தவிர முகப்பில் எதையும் தொடக் கூடாது. மிச்சம் இருப்பது சித்திரையும் வைகாசியும். ஆற்றில் தண்ணீர் இருக்காது, பெரும்பாலான வயல்கள் கோடை உழவுக்குக் காத்திருக்கும், விடுமுறைக்குப் பிள்ளைகளும் ஊருக்கு வந்திருப்பார்கள். எதை மாற்ற வேண்டுமானாலும் அப்போது மாற்றுங்கள். மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே திருச்சி வானொலியிலும் காரைக்கால் பண்பலையிலும் சொல்லுங்கள். புதிய திரையையும் பழைய திரையையும் அந்த இரண்டு மாதமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருங்கள். அந்தக் காலத்தில் எத்தனை பேர் புதியதைத் தொட்டார்கள், எத்தனை பேர் பழையதற்கே திரும்பினார்கள் என்ற எண்ணிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். அடுத்த ஜூன் 12-க்குள் எந்தத் திரை நிற்க வேண்டும் என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவுசெய்யலாம்.